கன்னம் வீங்காத கதாநாயகி

கல்லூரியில் படிக்கும் மூன்று பெண்கள் போன மாதம் கே.கே. நகரில் நான் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்தார்கள். பழைய தமிழ்ப் படங்களில் பெண்களை எப்படிக் காட்டினார்கள் என்று ஒரு கட்டுரை எழுதுகிறார்களாம். கணவன் காலில் விழும் மனைவி, கெட்டுப்போன பெண், கொடுமைக்கார மாமியார் என்று வகை பிரித்து வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் பிரித்திருந்தார்கள். நான் பார்த்த படங்களில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கடைசியில், "அந்தக் காலத்துப் பெண்கள் திரையில் கண்டதை அப்படியே நம்பி, அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்" என்று ஒரு வரி இருந்தது.

"இதை யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க பாட்டி."

"அழுதாங்க, இல்லைன்னு சொல்லலை. அதோட நின்னுடுச்சுன்னு யார் சொன்னது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க, அப்படியே சேர்த்துக்கறோம்" என்றாள் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் மெயின் கார்டு கேட்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. ஐம்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். கொட்டகை கைமாறி, பெயர் மாறி, பெண்களுக்கென்று தனிப் பக்கம் இல்லாமல் போன பிறகும் அங்கேதான் இருந்தேன். என் பெயர் தனலட்சுமி. படம் பார்க்க வரும் பெண்களுக்கு, கேட்டில் நிற்கும் நான் 'கேட்டக்கா'.

என் கணவர் கொட்டகைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தார். பெண்கள் வாசலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவர்தான் செய்தி கொண்டுவந்தார். என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "கொட்டகையில வேலையா? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க?" என்றார். "அந்த நாலு பேரும் அங்கதாம்மா படம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் என் கணவர். மறுவாரம் சேர்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் அங்கே இருந்த அம்மாள் கூடவே நின்று சில நாள் சொல்லிக் கொடுத்தார். மீதியை வாசலே சொல்லிக் கொடுத்தது.

அந்தக் காலக் கொட்டகையை இன்றைக்கு இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தான் விளக்க வேண்டும். தரை, பெஞ்சு வகுப்புகளில் இடது பக்கம் பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு. நடுவில் மார்பளவு சுவர். பெண்களுக்குத் தனிச் சந்து, தனிக் கவுண்டர், தனி வாசல். ஆண்கள் கவுண்டருக்கு முன்பே பெண்கள் கவுண்டரைத் திறந்துவிடுவோம். நான் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று அனுப்புவேன். கைக்குழந்தைக்காரிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் கதவோரம். தனியாக வருகிற பெண் ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவில். சுவரோரத்து இடம் வயதான அம்மாக்களுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து எவனாவது எட்டிப் பார்த்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். படம் முடிந்ததும் பெண்கள் வாசலைத்தான் முதலில் திறக்க வேண்டும். சந்து காலியாகி நான் கை காட்டிய பிறகுதான் ஆண்கள் கதவு திறக்கும்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் வீட்டுக்காரர்களை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு மேட்னிக்கு வருவார்கள். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பஸ் பிடித்து வருவார்கள். அறுவடை முடிந்தால் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு வந்து இறங்குவார்கள். நான் வாசலைச் சாத்திவிட்டு உள்ளே கதவோரம் முக்காலி போட்டு உட்காருவேன். திரை எனக்குப் பக்கவாட்டில் இருக்கும். பெண்கள் முகம் நேராகத் தெரியும்.

எங்கள் மேனேஜர் ஆரோக்கியசாமி. டூரிங் கொட்டகைகளில் ஊர் ஊராகச் சுற்றி அனுபவப்பட்டவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் சொல்வதைக் கேட்க நாம் கிட்டப் போக வேண்டியிருக்கும். கூட்டிப் பெருக்குகிற பெண்ணையும் 'வாங்கம்மா' என்றுதான் கூப்பிடுவார். காட்சி நடக்கும்போது அறையில் உட்கார மாட்டார். முன்வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பெண்கள் வாசலை மட்டும் தாண்ட மாட்டார். "இந்த வாசல்ல ஆம்பளை யாரும் நுழையக் கூடாது, நான் உள்பட" என்பது வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

புதுப் படத்தின் முதல் மேட்னி முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். "என்ன சொன்னாங்க?" என்பார்.

ஆரம்பத்தில் "நல்லாருக்குன்னாங்க சார்" என்றேன்.

"அது பதில் இல்லம்மா. படம் விட்டு வெளிய வரும்போது எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. எந்த இடத்துல கைவிசிறி நின்னுச்சு? எந்த இடத்துல முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க? எந்த இடத்துல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசினாங்க? அதைச் சொல்லுங்க."

அன்றிலிருந்து நான் அப்படிப் பார்க்கப் பழகினேன். விசிறி நின்றால் மனசு திரையில் இருக்கிறது. கதாநாயகன் பக்கம் பக்கமாக வசனம் பேசும்போது பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டால், அந்த வசனம் இந்தப் பக்கம் எடுபடவில்லை. இதையெல்லாம் கேட்டு மேனேஜர் தலையாட்டிக்கொள்வார். பெண்கள் பக்கம் நிறைந்தால்தான் படம் நாலு வாரம் தாண்டும் என்பது அவர் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

பெண்கள் பார்த்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமி என்று ஒருவர் வருவார். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். நெற்றியில் ஒன்றும் இருக்காது, வெளிறிய புடவை. அப்படிப்பட்டவர்கள் சினிமாவுக்கு வருவதே அபூர்வம். முதல் தடவை அவர் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்த ஒருத்தி சகுனம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மாமியை முதலில் கூப்பிட்டு டிக்கெட்டைக் கிழித்து உள்ளே அனுப்பினேன். திருப்பிக்கொண்ட முகம் அப்படியே இருந்தது, எனக்கும் கவலையில்லை. அதிலிருந்து மாமி என்னிடம் நாலு வார்த்தை பேசாமல் போவதில்லை.

அந்தச் சமயம் ஒரு படம் வந்தது. அதில் ஓர் இளம் விதவை. கதாநாயகனின் நண்பன் அவளை விரும்புகிறான். இரண்டரை மணி நேரம் அவளை அழ வைத்து, கடைசியில் குண்டடி பட்டு அவன் மடியில் சாக வைத்தார்கள். கொட்டகையே விம்மியது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"ஏண்டிம்மா, எல்லாப் படத்திலயும் இவாளைச் சாகடிச்சுடறாளே, ஏன்?"

"கதை அப்படிங்க மாமி."

"கதை இல்லைடி. உயிரோட வச்சா அப்பறம் அவளை என்ன பண்றதுன்னு அவாளுக்குத் தெரியலை. நான் இருக்கேனோல்லியோ? கார்த்தால காவேரி ஸ்நானம், பெருமாள் சேவை, மத்தியானம் உன் கொட்டகை. குண்டு ஒண்ணும் வந்து படலையே!"

இதை மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கிராம்பு வெளியே விழுந்துவிட்டது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பெரிய நடிகர், பெரிய கம்பெனி என்று தடபுடலாக ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம். பட்டணத்தில் படித்த பணக்காரப் பெண் கதாநாயகி. கார் ஓட்டுவாள், ஆங்கிலம் பேசுவாள், மாமியாரை மதிக்க மாட்டாள். இடைவேளைக்குச் சற்று முன்னால் கணவன் அவளை ஓங்கி ஓர் அறை விடுவான். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். இடைவேளை முடிந்து படம் தொடங்கியதும் அவள் விடிகாலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பாடுவாள். திருந்திவிட்டாளாம். கொட்டகை முகப்பில் வைத்த விளம்பரத் தட்டியிலும் அதுதான்: ஓங்கிய கை, கீழே குனிந்த மனைவி.

முதல் மேட்னி முடிந்ததும் மேனேஜர் வழக்கம்போலக் கேட்டார்.

"அந்த அறை விழுந்ததும் விசிறி நின்னுச்சு சார். ஆனா வேற மாதிரி நின்னுச்சு. யாரும் யாரையும் பார்க்கலை. கோலப் பாட்டுல எல்லாரும் முறுக்கைப் பிரிச்சுட்டாங்க."

"ஓடாது" என்றார்.

முதல் வாரக் கடைசியில் ஆண்கள் பக்கம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலி. படப்பெட்டியோடு கூடவே வந்து வசூலைப் பார்க்கும் கம்பெனி ஆளை நாங்கள் 'ரெப்' என்போம். இந்தப் படத்துக்கு வந்த ரெப் சென்னைக்காரர்; துடியான ஆள். பெண்கள் கூட்டம் குறைந்ததற்கு விளம்பரம் போதாதது காரணம் என்று முடிவு செய்தார். எங்கள் மேனேஜர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஞாயிறு மேட்னி இடைவேளையில் குடும்பப் பெண் ஒருத்தியை மேடையேற்றிப் படத்தைப் பாராட்டிப் பேச வைப்பது; அவளுக்கு வெள்ளியில் ஒரு குங்குமச்சிமிழ் பரிசு கொடுப்பது; அதைப் போட்டோ பிடித்து, 'தாய்மார்கள் போற்றும் படம்' என்று நோட்டீஸ் அடிப்பது. இதுதான் அவர் திட்டம். முன்பு நாடகம் நடந்த கொட்டகை என்பதால் திரைக்கு முன்னால் எங்களுக்கு மேடை இருந்தது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என்ன பேச வேண்டும் என்று ரெப் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் ஒரு மனைவியின் கடமை என்னவென்று எனக்குப் புரிந்தது' என்று ஆரம்பித்தது.

நான் மேனேஜரிடம் போனேன். "சார், அவங்களுக்குப் படம் பிடிக்கலை. பிடிச்சிருக்குன்னு யாரை வந்து சொல்லச் சொல்றது?"

"நானும் சொல்லிப் பார்த்தேம்மா. கேக்கலை. மேடை வேணும்னு அவர் கேக்கறார், குடுத்துடுவோம். நீங்க நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களா ஒருத்தரைப் பாருங்க." குரல் இறங்கியிருந்தது.

எனக்கு உடனே மரகதத்தின் ஞாபகம்தான் வந்தது. பொன்மலையிலிருந்து வருபவள். கணவன் ரத்தினம் ரயில்வே பட்டறையில் பிட்டர். மரகதத்துக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே மாமியார் பொன்னம்மாளோடு வந்துவிடுவாள். படங்களில் மாமியாரும் மருமகளும் கீரியும் பாம்புமாக இருப்பார்கள். இவர்கள் இருவரும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு, எந்தக் கதாநாயகிக்குப் பின்னல் எடுப்பாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். படம் விட்டு வெளியே வரும்போது மரகதம் சொல்லும் ஒரு வரிக்காக நான் காத்திருப்பேன். மேனேஜரிடம் சொல்ல அதுதான் எனக்குச் சரக்கு. இந்தப் படத்தையும் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் மரகதம் ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தினமே இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் பார்க்காத படம். கூடவே பட்டறை ஆட்கள் நாலைந்து பேர். அவர்கள் ஆண்கள் பக்கம் போனார்கள். நான் மரகதத்தை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். தாளை வாங்கிப் படித்தாள். ஒரு வரியை இரண்டாம் தடவை படித்தாள். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கும் மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

"இதையேவா அக்கா சொல்லணும்?"

"சொல்லணும்னு அவரு சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"மைக்கு உங்க கையிலதான் இருக்கும்" என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பொன்னம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "போ, நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

இடைவேளை மணி அடித்தது. திரையில் அறை விழுந்து, விசில் அடங்காத நேரம். விளக்குகள் எரிந்தன. ரெப் மேடையில் நின்று, "இப்பொழுது நம் திருச்சி நகரின் ஓர் இல்லத்தரசி இந்தக் குடும்பக் காவியத்தைப் பற்றித் தன் மனம் திறந்து பேசுவார்" என்றார். மரகதத்தை நான்தான் மேடைப் படி வரை கூட்டிப்போனேன். ஆண்கள் பக்கத்தில் பட்டறை ஆட்கள், "டேய், நம்ம ரத்தினம் சம்சாரம்டா!" என்று கைதட்டினார்கள். ரத்தினமும் சிரித்தபடி எழுந்து நின்றான்.

மைக்கைப் பிடித்ததும் பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. படத்துல பாட்டெல்லாம் நல்லாருக்கு. அந்தப் பொண்ணு கட்டியிருக்கிற புடவைங்க ரொம்ப நல்லாருக்கு. நான் இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துட்டேன். இப்ப இன்டர்வெல் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு கோலம் போட்டுக்கிட்டுப் பாடும். நீங்க கன்னத்தைப் பாருங்க. அறை விழுந்த கன்னம். வீங்கவே இல்லைங்க. வீங்கும். சோத்தை அந்தப் பக்கம் வச்சு மெல்ல முடியாது. வாயைத் திறந்து பாடவெல்லாம் முடியாது. தண்ணி குடிச்சாலே பல்லெல்லாம் வலிக்கும். அடிக்கறதை இவ்வளவு நல்லா எடுத்திருக்காங்க, மறுநாளை எடுக்க மறந்துட்டாங்க. அதை மட்டும் காட்டியிருந்தா படம் இன்னும் நல்லாருந்திருக்கும். அவ்வளவுதாங்க."

ரெப்பின் கையில் சிமிழ் அப்படியே நின்றது. அப்போது பெண்கள் பக்கம் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமலே கொட்டகை முழுவதும் கேட்டது.

"காதும் கேக்காது!"

பொன்னம்மாள் எழுந்து நின்றிருந்தார். வலது காதைக் கையால் தொட்டுக் காட்டினார். "எனக்கு இந்தக் காது கேக்காது. என் வீட்டுக்காரர் அடிச்சது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. காது இன்னும் திரும்பி வரலை."

"ஆமா" என்றாள் இன்னொருத்தி. "எனக்குப் பல்லு" என்றது தரையிலிருந்து ஒரு குரல். பிறகு யார் யார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் முழுவதும் பேச்சு எழுந்தது. கத்தலோ அழுகையோ இல்லை, பேச்சு. பக்கத்தில் யாரென்று தெரியாதவளிடம்கூட ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அத்தனை வருடம் கதவோரம் உட்கார்ந்து பார்த்த முகங்கள்தான். அன்றைக்குத்தான் அவை திரையை விட்டு ஒன்றையொன்று பார்த்தன.

ரத்தினத்தின் முகத்தைப் பார்த்தேன். நின்றவன் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்த பட்டறை ஆட்கள் அவனைப் பார்க்காமல் தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள்.

ரெப் கையைக் காட்ட, மைக் நின்றது. அவசரமாக விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். திரையில் விடிந்தது. கோலம். கதாநாயகி முகத்தைத் திருப்பினாள். பளபளவென்று கன்னம், திரை அளவுக்குப் பெரிதாக.

பெண்கள் பக்கத்தில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த நொடி தரை, பெஞ்சு, சேர் எல்லாம் சிரித்தன. "அடியே, கன்னத்தைப் பாருடி!" என்றாள் ஒருத்தி. பாட்டு முடியும்வரை சிரிப்பு ஓயவில்லை. ஆண்கள் பக்கத்திலும் கொஞ்சம் பேருக்குச் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டுக்கு மனம் உருகவேண்டும் என்று எவ்வளவு செலவழித்து எடுத்திருப்பார்கள்!

படம் விட்டதும் மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரெப் உட்காராமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இந்தம்மாதான் வேணும்னே அந்தப் பொம்பளையைப் பிடிச்சுக் குடுத்திருக்கு. இப்பவே சீட்டைக் கிழிங்க சார். இல்லேன்னா எங்க கம்பெனிப் படம் இனிமே இந்தக் கொட்டகைக்கு வராது."

எனக்குக் கைகால் நடுங்கியது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைக்கவில்லை. மரகதமும் மாமியாரும் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதிலேயே மனசு இருந்தது. ரத்தினம் ஆண்கள் கதவு வழியாக வந்து, அவர்களுக்குக் காத்திராமல் வேகமாக நடந்து போனதைப் பார்த்திருந்தேன். இருவரையும் நான்தான் பொன்மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மேனேஜர் நாற்காலியை ரெப் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க சார்."

ரெப் உட்காரவில்லை. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். ரெப் அருகில் வரவேண்டியதாயிற்று.

"பொம்பளைங்களுக்கு இந்தப் படம் பிடிக்கலைன்னு முதல் நாளே இந்தம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க நம்பலை. மனம் திறந்து பேசுவாங்கன்னு மைக்குல சொன்னது நீங்க. பேசினாங்க. இதுல இவங்க தப்பு எங்க சார் இருக்கு?"

"உங்க தியேட்டருக்குக் கெட்ட பேரு சார் இது!"

"இவங்களை வேலைக்கு வச்சது நான். அனுப்பறதுன்னா நான்தான் அனுப்பணும். அனுப்பலை." பிறகு மேசைமேல் இருந்த வெள்ளிச் சிமிழை எடுத்து என் கையில் கொடுத்தார். "பேசினா பரிசுன்னு சொல்லியிருக்கோம். அவங்க வந்தா குடுத்துடுங்க."

ரெப் வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஊரில் அந்தப் படம் நூறு நாள் ஓடியது என்று பிறகு ஒருதரம் வந்தபோது சொன்னார். ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ படங்களில் அறை விழுந்தது, விசிலும் பறந்தது. ஒரு கொட்டகையில் ஒரு மத்தியானம் நடந்ததற்காக யாரும் படம் எடுப்பதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் கொட்டகையில், திரையில் யாராவது மனைவியை அறைந்தால், பெண்கள் பக்கத்திலிருந்து "வீங்குமே!" என்று ஒரு குரல் வரும். பல வருடம் வந்தது. பொன்மலையிலிருந்து வருபவர்கள் திருவெள்ளறைக்காரிகளுக்குச் சொல்லி, அவர்கள் இன்னும் யார் யாருக்கோ சொல்லி, சம்பவம் தெரியாதவர்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆண்கள் பக்கத்து விசில் அதற்குக் கொஞ்சம் தயங்கும்.

அந்த வாரம் முழுவதும் மரகதத்தைக் காணவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பெண்களை விசாரித்தேன். வீட்டில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. தினமும் மேட்னி வரிசையில் அந்த இரண்டு முகங்களையே தேடினேன்.

வெள்ளிக்கிழமை புதுப் படம். பெண்கள் கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாகப் பொன்னம்மாள் நின்றார். பின்னால் மரகதம். முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு கன்னமும் சரியாக இருந்தன.

சிமிழை நீட்டினேன். மரகதம், "எனக்கு வேண்டாம்க்கா" என்று பின்வாங்கினாள்.

"ஏன் வேண்டாம்? பேசினதுக்குக் குடுக்கறாங்க" என்று பொன்னம்மாள் வாங்கித் திறந்து பார்த்தார். "எனக்குக் குங்குமம் இல்லை, அதனால என்ன? சுண்ணாம்பு வச்சுக்கறேன்." இடுப்பில் செருகிக்கொண்டார்.

வரிசையை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, "வீட்டுல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

மரகதம் தலையைக் குனிந்தாள். பொன்னம்மாள்தான் சொன்னார்.

"நாங்க போறதுக்கு முன்னாலயே வந்து உட்கார்ந்திருந்தான். பட்டறை ஆளுங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்களேன்னு குதிச்சான். இவளைப் பார்த்துக் கையை ஓங்கிக்கிட்டு எழுந்திரிச்சான். நான் நடுவுல போய் நின்னேன். உங்கப்பன் என்னை அடிக்கும்போதெல்லாம் நீ கதவுக்குப் பின்னால நின்னு அழுவியே, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன பண்ணினாரு?"

"நின்னுக்கிட்டே இருந்தான். அப்புறம் கையை இறக்கிட்டு, கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துக்கிட்டான். சோறு போட்டுக் கொண்டுபோய் வச்சேன், தின்னான். இத்தனை நாளா எங்க ரெண்டு பேருகிட்டயும் பேசறதில்லை."

"பேசறதே இல்லையா?"

"இல்லை." பொன்னம்மாள் இரண்டு டிக்கெட்டையும் என் முன்னால் நீட்டினார். "பேசாம இருக்கட்டும். வீடு நல்லா அமைதியா இருக்கு. கிழிம்மா, படம் போட்டுருவான்."